ஏத்துக்கூலி, இறக்குக்கூலி: கொல்லிமலை உழைப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பூகோளம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த பாடம் அல்ல. ஊர்ச் சாக்கடை எங்கே வந்து முடியுமோ அங்கே எங்கள் தெரு தொடங்கும். மழை பெய்தால் ஊர்க்காரன் காட்டில் தண்ணி நிற்காது, எங்கள் வீட்டுக்குள் நிற்கும். நிலத்தின் சரிவை வைத்தே சாதியைச் சொல்லிவிடலாம் என்பது எந்தச் சேரிப் பிள்ளைக்கும் ஏழெட்டு வயசில் தெரிந்துவிடுகிற சங்கதி. அதனால்தான் எனக்கு ரொம்ப நாள் ஒரு குழப்பம் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை. மேட்டில் இருப்பவன் ஊர்க்காரன், பள்ளத்தில் இருப்பவன் நாம் என்றால், அத்தனை உசரத்தில் இருக்கிறவன் எத்தனை பெரிய ஆளாக இருக்க வேண்டும்? ஆனால் சந்தைக்கு இறங்கி வந்த மலைக்காரனை எங்கள் ஊர்க் கடைக்காரன் 'வாடா போடா' என்றுதான் பேசினான். எங்கப்பாவைப் பேசிய அதே தொனி.

எங்கம்மா அடிவாரத்தில் ஒரு சேகோ மில்லில் கிழங்கு உரித்தாள். 1980களின் நடுப்பகுதி. சேந்தமங்கலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரம் முழுக்க ஜவ்வரிசி மில்கள் இருந்தன. லாரி வந்து மரவள்ளிக் கிழங்கைக் கொட்டும். பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து கத்தியால் தோலைச் சீவித் தள்ளுவார்கள். மூட்டைக் கணக்கில் கூலி. கிழங்கைப் பார்த்ததும் 'இது மலக்கெழங்கு' என்று சொல்லிவிடுவாள் அம்மா. மலைக் கிழங்கில் ஒட்டியிருக்கும் மண் செக்கச்செவேலென்று இருக்கும், கழுவினாலும் லேசில் போகாது. ராத்திரி சோறு பிசைகிறபோதும் அவள் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு இருக்கும். கிழங்கைப் பிடுங்கியவர்களை அவள் பார்த்ததில்லை. உரித்தவளை அவர்கள் பார்த்ததில்லை. நடுவில் லாரி, புரோக்கர், மில். இந்தக் கட்டுரை அந்த நடுவைப் பற்றியது.

மலைவாழ் மக்களைப் பற்றிய அரசாங்க அறிக்கை எதை எடுத்தாலும் ஒரே பல்லவி: மலைப்பாங்கான நிலம், போக்குவரத்து வசதிக் குறைவு, ஆகவே பின்தங்கிய நிலை. குற்றம் பாறையின் மேல் போடப்படுகிறது. பாறை கோர்ட்டுக்கு வந்து பதில் சொல்லாது என்கிற தைரியம். பூகோளம் உழைப்பைத் தீர்மானிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பூகோளம், யார் கையில் இருக்கிறபோது என்று கேட்க வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து மலைகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள்தான். இரண்டிலும் உச்சியில் பாக்சைட். இரண்டிலும் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி. (கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆள்பவர் என்ற பொருளில்.) 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன்பின் துரைமார்கள் ஏறினார்கள். மலையாளிகளின் காடுகள் எஸ்டேட்டுகள் ஆயின. கீழேயிருந்து நம் சனங்கள் கூலிகளாக ஏற்றப்பட்டார்கள். கொல்லிமலையில் இது நடக்கவில்லை. காரணம் காய்ச்சல். கொல்லி என்ற பேருக்கே கொல்வது என்று அர்த்தம் சொல்லும் அளவுக்கு அந்த மலையின் மலேரியாவைக் கண்டு வெள்ளை அதிகாரிகள் பயந்தார்கள். சுவர் மாதிரிச் செங்குத்தாக நிற்கும் சரிவு, மேலே 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், உள்ளே கொசு. துரை ஏறவில்லை. நிலம் மலையாளி கையிலேயே நின்றது.

காய்ச்சலைப் புகழ்வதாக யாரும் நினைக்க வேண்டாம். துரையைத் தடுத்த அதே கொசுதான் மலைக்காரன் பிள்ளையையும் கொன்றது. ஒரு மக்கள் கூட்டம் தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளைகளைப் பறிகொடுத்தது என்றுதான் இந்த வரலாற்றை எழுத முடியும்.

பழைய கதை இன்னொன்றும் உண்டு. வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிமலைத் தலைவன். காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாட்டுகளிலிருந்து தெரிகிறது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதம் அரசாங்கமே விழா எடுக்கிறது. வள்ளல் வாரிக் கொடுத்தான், சரி. கொடுத்த பலாவை யார் பறித்தது, தேனை எவன் கயிறு கட்டி இறங்கி எடுத்தான் என்று விழா மேடையில் இதுவரை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மேலே 14 நாடுகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று பேர் சொல்லிக்கொண்டே போகலாம். 2011 கணக்கெடுப்பின்படி மலை முழுக்க 40,000 பேர் அளவில் இருந்தார்கள். நிலத்தை அவர்கள் வேலையை வைத்தே பிரித்திருந்தார்கள். ஏர் போகிற இடம் உழவுக்காடு. ஏர் போகாமல் கொத்திப் போடும் சரிவு கொத்துக்காடு. வெட்டி எரித்து விதைத்துவிட்டு நகர்ந்து போவது புனக்காடு. மண்ணின் சரிவுக்கு எந்த உழைப்பு பொருந்தும் என்பது அந்தப் பேரிலேயே இருந்தது. 1882இன் சென்னை வனச் சட்டம் வந்து காட்டைச் சுற்றிக் கோடு போட்டதும், மூன்றில் ஒன்று சட்ட விரோதம் ஆனது. காலங்காலமாகச் செய்த வேலை ஒரு காகிதத்தால் திருட்டு ஆயிற்று.

சாதி விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தாண்டிப் போனால் நம் பத்திரிகையில் எழுதுவதற்கு அர்த்தமில்லை. கொல்லிமலை மலையாளிகள் தங்களைக் கவுண்டர் என்பார்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த வெள்ளாளர் என்பார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறியதாகக் கதை. யாருக்கு எந்த மலை என்பது கதைக்குக் கதை மாறும். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுப்பில் இதன் ஒரு வடிவம் இருக்கிறது. அதில், ஊரில் விட்டு வந்த மனைவிமார் இவர்கள் செத்துப்போனார்கள் என்று நினைத்துவிட, அண்ணன் தம்பிகள் இங்கேயே பெண் கட்டுகிறார்கள். ஒருவன் கைக்கோளப் பெண்ணை, ஒருவன் வேடர் பெண்ணை, ஒருவன் தேவேந்திரப் பள்ளர் பெண்ணை. ஆக, மலைக் கவுண்டரின் பாட்டிகளில் ஒருத்தி சேரிக்காரி. கதையைச் சொல்கிறவர்கள் காஞ்சிபுரத்தில் நிறுத்திக்கொள்வார்கள், பாட்டி வரைக்கும் வரமாட்டார்கள். எங்கப்பா ஒருதரம் பலாப்பழம் ஏத்த மேலே போனபோது ஒரு வீட்டில் கையை ஏந்தித்தான் தண்ணி குடிக்க வேண்டியிருந்தது. 'அட, மலக்காரனும் நமக்குக் கவுண்டந்தான்டா' என்று வந்து சொன்னார், சிரித்துக்கொண்டே. கீழே இறங்கினால் அதே கவுண்டர் ஊர்க் கவுண்டரின் திண்ணையில் உட்கார முடியாது. உசரம் என்பது மலைக்குள்ளே ஒன்று, மலைக்கு வெளியே ஒன்று.

அரசாங்கமும் இடத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப் பட்டியலில் மலையாளி என்ற பேருக்குப் பக்கத்தில் மாவட்டங்கள் எழுதப்பட்டன: தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி. பர்கூர் மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பின்னால் ஈரோட்டுக்குப் போனது. அங்கே இருக்கும் மலையாளி பழங்குடி இல்லை. அதே சனம், மாவட்டக் கோடு தாண்டிவிட்டது, அவ்வளவுதான். சான்றிதழ் இல்லாததால் படிப்பு போனது, வேலை போனது. பட்டியலில் இருப்பவர்களுக்கும் பெரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு சாண் நிலம்கூட அறிவிக்கப்படவில்லை. ஆந்திராவில் இருப்பதுபோல் பழங்குடி நிலத்தை வெளியாள் வாங்கக்கூடாது என்கிற தனிச் சட்டமும் இங்கே கிடையாது. 2006 வன உரிமைச் சட்டப் பட்டாவுக்கு 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் போட்ட தடை, 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்குகிற வரைக்கும் கிடந்தது. எட்டு வருசம்.

ரோடு வராத காலத்தில் மலைச் சரக்கு தலையில் இறங்கியது. சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு தடம், புளியஞ்சோலை வழியாகத் துறையூருக்கு ஒரு தடம். விடியுமுன் சுமையோடு கிளம்பி, விற்று, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறணும். ராத்திரிக்குள் ஏறியாக வேண்டும் என்பது கீழே இருக்கிற வியாபாரிக்குத் தெரியும். மத்தியானம் வரைக்கும் விலையே சொல்ல மாட்டான். வெயில் சாய்ந்ததும் அவன் சொன்னதுதான் விலை. மறுபடி சுமந்துகொண்டு ஏற எவனுக்குத் தெம்பு இருக்கிறது? பேரத்தில் மலைக்காரன் தோற்றது புத்திக் குறைவால் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் வேடிக்கைக் கதைகள் சொல்வார்கள். அவன் தோற்றது பொழுதிடம்.

1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. டி.டி.டி. அடித்தார்கள், காய்ச்சல் படிப்படியாக அடங்கியது. காரவள்ளியிலிருந்து மேலே ரோடு போட்டார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதியிருக்கிறது, டூரிஸ்டுகள் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். ரோட்டினால் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கிட்டே வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தலைச்சுமை இறங்கிய இடத்தில் லாரி ஏறியது. லாரியோடு மரவள்ளி ஏறியது.

ஜவ்வரிசிக்கு ஒரு யுத்த வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். சப்பான்காரன் கப்பலை மறித்ததற்கும் எங்கம்மா நகக்கண்ணுக்கும் சம்பந்தம் இப்படித்தான் வருகிறது. முதலில் கீழ்க்காடுகள், பிறகு மலைச் சரிவுகள். சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு விளைந்த சரிவுகளில் கிழங்குக் குச்சி நட்டார்கள். 1981இல் சேலத்தில் மில்காரர்களுக்கென்று சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வந்தது. மில்காரன் சரக்கைப் பத்திரமாக வைத்து, விலை பார்த்து விற்க அங்கே ஏற்பாடு இருந்தது. கிழங்கு போட்டவனுக்கு அப்படி ஒன்று இல்லை. மலையில் லேம்ப் சொசைட்டி இருக்கிறது, கடன் தரும். கிழங்கை வைத்துக் காப்பாற்ற அதனாலும் முடியாது. ஏன் என்பதுதான் விஷயம்.

சாமையைக் குதிரில் கொட்டினால் வருசக்கணக்கில் கிடக்கும். பூச்சி அண்டாது. விலை இல்லையென்றால் விற்காமல் இருக்கலாம், தின்னலாம். மரவள்ளி அப்படியல்ல. மண்ணிலிருந்து பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடிவிடும், மாவு போய்விடும். மில்லில் கிழங்குக்கு விலை எடையை மட்டும் வைத்துப் போடுவதில்லை, 'பாயிண்ட்' பார்க்கிறார்கள். மாவுச் சத்து எத்தனை பாயிண்ட், பாயிண்டுக்கு இவ்வளவு. அந்தப் பாயிண்டைப் பார்ப்பது கீழே, மில்காரன் கண்ணெதிரில். பிடுங்கினவன் மேலே. நடுவில் 70 வளைவு. லாரி வாடகை, சாக்குக் காசு, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, புரோக்கர் கமிஷன், முன்பணம் வாங்கியிருந்தால் அதன் வட்டி, எல்லாம் கழித்து ஒரு சீட்டு மேலே ஏறி வரும். சொந்த நிலத்தில் சொந்தக் கையால் விளைவித்தவன், கடைசியில் தன் கிழங்கைத் தானே பிடுங்கிக் கொடுத்த கூலிக்காரன் ஆகிறான். நிலம் போகாமலே ஒருவனைக் கூலி ஆக்கலாம் என்பதைக் கொல்லிமலையில்தான் நான் புரிந்துகொண்டேன். நாம் 'நிலம் வேண்டும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள். 1891இல் செங்கற்பட்டுப் பறையர்களைப் பற்றி டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்து பஞ்சமி நில மீட்பு வரைக்கும் நம் கோரிக்கை நிலம்தான். கேட்பதை விடக்கூடாது. ஆனால் நிலம் கிடைத்தவனுக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மிளகிலும் பலாவிலும் வேறொரு வகை. பூவிலேயே, பிஞ்சிலேயே மொத்தமாகக் குத்தகை பேசிவிடுவார்கள். அவசரத்துக்குக் காடு போக்கியத்துக்குப் போகும். திருப்ப முடிந்தால் திரும்பும்.

சாமை போனதற்கு வெளியாட்களை மட்டும் திட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சாமையைச் சோறாக்க வேண்டுமானால் உமி போக உரலில் இடிக்க வேண்டும். ஒரு வேளைச் சோத்துக்கு இரண்டு பொம்பளை மாத்தி மாத்தி உலக்கை போடணும். காட்டு வேலை முடித்து வந்த கையோடு. சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பாட்டியிடம், 'பழைய சாப்பாடெல்லாம் விட்டுட்டீங்களே ஆயா' என்று பெரிய மனுசன் மாதிரி வருத்தப்பட்டேன். 'நீ வந்து இடிச்சுக் குடு சாமி, நாளைக்கே வெதைக்கிறேன்' என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் எனக்கு முகம் சுண்டிப்போனது. ரேசன் அரிசியும் கிழங்குக் காசும் அந்தப் பொம்பளைகளின் தோளுக்கு ஓய்வு கொடுத்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியம் குறித்து வேலை செய்கிறது. விதையைக் காப்பாற்றியதைப் போலவே, சாமை குத்துகிற மெசினைக் கிராமத்துக்குக் கொண்டுபோனதும் முக்கியமான வேலை என்பேன். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்றார்கள். பட்டணத்துக் கடையில் சாமை இன்றைக்கு மருந்து விலை விற்கிறது. இடித்த தோள்களின் கூலி அந்த விலையில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இனி அம்மாவின் மில்லுக்குத் திரும்புகிறேன். 1986 என்று நினைக்கிறேன். உரிக்கிற பொம்பளைகள் மூட்டைக்கு நாலணா சேர்த்துக் கேட்டார்கள். அன்னாடம் தண்ணியிலும் கிழங்குப் பாலிலும் ஊறிக் கை வெடித்துப்போகும், ராத்திரி எண்ணெய் தேய்த்தால் எரியும். நாலணா. மில்காரர் முடியாது என்றார். பொம்பளைகள் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் எங்கள் தெரு, பக்கத்துச் சக்கிலியத் தெரு. கொடி இல்லை, சங்கம் இல்லை. கிழங்கு அழுகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதுதான் அவர்கள் பலம். பிடுங்கின கிழங்கு மலைக்காரன் கழுத்தை இறுக்கியது போல மில்காரன் கழுத்தையும் இறுக்கும். இரண்டாம் நாள் காலையில் லாரி வந்தது. கிழங்குக்கு மேலே உட்கார்ந்து இருபது முப்பது மலைக்காரப் பொம்பளைகள். அவர்களை வைத்து மில் ஓடியது.

அம்மா அன்றைக்குப் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. 'வயித்துல அடிச்சாளுங்க' என்பது மட்டும் எழுதலாம். நாலாம் நாள் மலைக்காரப் பொம்பளைகள் வரவில்லை. மேலே கேழ்வரகு அறுப்பு. காடு காய்ந்து நிற்கிறது, உங்கள் கிழங்கை நீங்களே உரித்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார்களாம். மில்காரர் இறங்கி வந்தார். நாலணா கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். எங்கள் போராட்டத்தை உடைத்தவர்களும் அவர்கள்தான், போய்விட்டதன் மூலம் அதை ஜெயிக்க வைத்தவர்களும் அவர்கள்தான். 'போறேன்' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காடு மேலே இருந்தது. எங்களுக்குப் புளியமரத்தடிதான். உழைப்பாளியின் அதிகாரம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அதில் பாதி, திரும்பிப் போவதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்பதில் அடங்கியிருக்கிறது.

முதலாளிக்கும் இது தெரியும். அதனால்தான் அவன் ஆள் பிடிக்கும்போது, சுலபத்தில் திரும்பிப் போக முடியாத ஆளாகப் பார்க்கிறான். ஈரோடு, கோவை, திண்டுக்கல் பஞ்சாலைகள் 'சுமங்கலி' என்று பேர் வைத்து, மலைகளிலிருந்தும் சேரிகளிலிருந்தும் வயசுப் பெண்களைக் கூட்டிப்போனார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி, மூன்று வருசம் கழித்து மொத்தப் பணம், கல்யாணத்துக்கு ஆகும் என்ற ஆசை. அப்பன் பார்க்க வரவேண்டுமானால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். அந்தத் தூரத்துக்காகத்தான் அந்தப் பெண் வேலைக்கு எடுக்கப்பட்டாள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகும் பையன்களுக்கும் அதே கதை. இந்தியா முழுக்கப் போர் போடுவார்கள், இன்றைக்கு எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்பது வீட்டில் தெரியாது. இப்போது அந்த வண்டிகளிலும் மில்களிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் ஆட்கள் நிறைய. நம் சனம் கொஞ்சம் பேரம் பேசக் கற்றுக்கொண்டதும் தூரத்தை இன்னும் தள்ளி வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஹெராட் என்பவர் 1997இல், மூலதனம் மட்டும் நிலப்பரப்பை வரைவதில்லை, தொழிலாளியும் தனக்கான நிலப்பரப்பை உண்டாக்கிக்கொள்ள முயல்கிறான் என்று எழுதினார். புளியமரத்தடியில் உட்கார்ந்த பொம்பளைகளுக்கு அது பதினோரு வருசம் முன்னாலேயே தெரியும்.

மலையாளிகளின் உழைப்பு குற்றமாக்கப்பட்ட கதையைக் கொல்லிமலைக்குள் நின்று மட்டும் சொல்ல முடியாது. அதே சனம் வாழும் சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை பதுக்கியதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அவர்களில் பலர் ஜவ்வாது, சித்தேரி மலைகளைச் சேர்ந்த மலையாளிகள். செங்குத்துச் சரிவில் மரம் ஏந்தி நடக்கத் தெரிந்த கால்கள் என்பதற்காகவே அந்த மலைகளில் ஆள் எடுக்கிறார்கள். உடம்பில் ஏறியிருந்த மலையே அவர்களைச் சாகும் இடத்துக்கு அழைத்துப்போனது. மரம் யாருக்குப் போகிறதோ அவன் எந்த என்கவுண்டரிலும் செத்ததில்லை.

கொல்லிமலை உச்சியிலும் பாக்சைட் தோண்டினார்கள், மேட்டூர் மால்கோ ஆலைக்காக. 1995இல் அந்தக் கம்பெனி ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. எதிர்ப்புகளுக்கும் வழக்குகளுக்கும் நடுவில் 2000களின் இறுதியில் தோண்டுவது நின்றது. மலையின் தலையைச் சீவிய அந்த வேலையால் மலைக்காரனுக்குக் கிடைத்தது காண்டிராக்ட் கூலி. 2008இல் நூறு நாள் வேலை நாமக்கல் மாவட்டத்துக்கு வந்தபோதுதான், கீழே இறங்காமல் அரசாங்கக் கூலி வாங்கலாம் என்ற நிலை முதன்முதலாக உருவானது. தோட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் ஊர்ப் பண்ணையாரும் அப்படித்தான் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பே அதன் மதிப்பைச் சொல்லிவிடுகிறது.

கூலி மலையில் நிர்ணயிக்கப்பட்டாலும், கேட்க வேண்டிய இடம் கீழே இருக்கிறது. 1997 வரைக்கும் கொல்லிமலைக்காரனுக்குக் கலெக்டர் சேலத்தில். பிறகு நாமக்கல்லில். மனு கொடுக்க ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மாஞ்சோலைக்காரர்களும் இறங்கித்தான் கேட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 99 வருசக் குத்தகைக்கு எடுத்த எஸ்டேட். பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடிக் கைதானவர்களை விடுதலை செய் என்று 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனபோது போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. மலை மேலேயே உட்கார்ந்து பட்டினி கிடந்திருந்தால் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள். ஒருவருக்கும் தெரிந்திருக்கவும் செய்யாது. 2024இல் கம்பெனி தோட்ட வேலையை முடித்துக்கொண்டது. நான்கு தலைமுறை உழைத்தவர்களுக்கு அந்த மலையில் ஒரு செண்டு நிலம் சொந்தமில்லை. திரும்பிப் போக இடமில்லாத மலை அது. கொல்லிமலையில் அந்த இடம் இன்னும் இருக்கிறது, போக்கியத்தில் பாதி போனாலும்.

போன வருசம் அம்மாவை மேலே கூட்டிப்போனேன். வாழ்நாள் முழுக்க அந்த மலையின் மண்ணை நகத்தில் சுமந்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறினாள். வளைவுகளில் வாந்தி எடுத்தாள். அரியூர் நாட்டுப் பக்கம் தெரிந்த பெரியவர் ஒருவரின் காட்டுக்குப் போனோம். கிழங்கு ஆள் உசரம் நின்றது. நட்டுப் பதிமூணு மாசம் ஆகிறது என்றார். பத்து மாசத்தில் பிடுங்கியிருக்க வேண்டியது.

"ஏங்க பெரியவரே, இன்னும் புடுங்கலயா?"

"வெல இல்ல தம்பி. புரோக்கர் மூணு தடவ வந்துட்டான். மண்ணுக்குள்ள இருக்கற வரைக்கும் நாந்தான் மொதலாளி. புடுங்கிட்டா அவன் மொதலாளி. இருக்கட்டும்."

"எத்தன பேரு இப்பிடி வுட்டு வெச்சிருக்கீங்க?"

கையை நீட்டிச் சரிவைக் காட்டினார். எதிர்ச் சரிவையும் காட்டினார். எங்கும் பச்சையாக நின்றது.

அம்மா குனிந்து, ஒரு தூரின் அடியில் மண்ணைக் கொஞ்சம் கிளறி, கிழங்கைத் தொட்டுப் பார்த்தாள். பெரியவர் வீட்டம்மா செம்பில் தண்ணி கொண்டுவந்து நீட்டினார். அம்மா பழக்கத்தில் கையை ஏந்தினாள். அந்தம்மா செம்பையே கையில் கொடுத்துவிட்டு, "எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்டார்.

அம்மா ஊர்ப் பேரைச் சொன்னாள். பிறகு மில்லின் பேரையும் சொன்னாள். "கெழங்கு உரிச்சேன், இருவது வருசம்."

"நானுந்தான் ஒரு மூணு நாளு அங்க வந்து உரிச்சேன்," என்றார் அந்தம்மா. "அப்ப எனக்குப் புதுசா கல்யாணம் ஆன சமயம்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அம்மா, கேழ்வரகு அறுப்பு அந்த வருசம் எப்படி இருந்தது என்று கேட்டாள்.